மூன்று வீட்டுக்கு ஒரு திறப்பு

தனுசியா எந்த வேலையையும் முதல் தடவையிலேயே செய்துவிட மாட்டாள். ஒத்திகை பார்ப்பாள். வங்கிக்குப் போனால் இரண்டு படிவம் வாங்கி, ஒன்றைப் பென்சிலால் நிரப்பி, அதை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் மற்றதில் பேனாவை வைப்பாள். தெல்லிப்பழையில் அவள் வேலைசெய்யும் மருந்துக்கடையில் இதனால் அவளுக்கு நல்ல பெயரும் உண்டு, நீண்ட வரிசையும் உண்டு.

மருதனார்மடச் சந்தியில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் மாலைநேரக் கணினி வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதமாகிவிட்டது. வகுப்பில் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுவாள். வீட்டுக்கு வந்து, அன்று நடந்ததைத் திகதியும் நேரமும் போட்டு இன்னொரு கொப்பியில் எழுதுவாள். இரண்டாவது கொப்பியில் கேள்விக்குறிகள் அதிகம். 'இது சரியா?', 'எனக்கு விளங்கிவிட்டதா, விளங்கியது போல இருக்கிறதா?' என்றெல்லாம் இருக்கும். அந்தக் கொப்பியை அவள் ஒருவருக்கும் காட்டியதில்லை.

ஆனி மாதம் கனடாவிலிருந்து வந்த செல்வநாயகம் சித்தப்பா, தன் அண்ணனான தனுசியாவின் அப்பா வீட்டுக்கும் இரண்டு அக்காமார் வீட்டுக்குமாக யாழ்ப்பாணப் பட்டினத்தில் மூன்று பழைய கணினிகள் வாங்கிக் கொடுத்தார். மூன்றும் ஒரே மாதிரி. மூன்றின் உள்ளும் வெறுமை. இயக்குவதற்கான இயங்குதளம் ஒன்றிலும் இல்லை. அதை மட்டும் அவர் அங்கிருந்தே கொண்டு வந்திருந்தார்: உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பென்டிரைவ், பூட்டைத் திறக்கும் சாவி போல இருபத்தைந்து எழுத்தும் இலக்கமும் அச்சடித்த ஒரு அட்டை. பெட்டியின் பின்புறத்தில் 'ஒரே குடும்பத்தின் மூன்று கணினிகளுக்கு' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"மூண்டு வீட்டுக்கும் நீதான் போட்டுக் குடுக்கவேணும்," என்றார் சித்தப்பா, பயணப்பையின் சிப்பை இழுத்தபடி. "ஆனால் கவனம், தனு. மூண்டு தரம்தான் விடும். நாலாம் தரம் எண்டால் மாட்டன் எண்டு சொல்லிப்போடும்."

"அதுக்கு எப்பிடிச் சித்தப்பா தெரியும், நாலாம் தரம் எண்டு?"

"அதுக்குத் தெரியும்," என்றார் சித்தப்பா. அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை அவள் வகுப்புக்குக் கொண்டுபோனாள். எல்லாரும் 'சேர்' என்று அழைக்கும் ஆசிரியர் சிவதர்ஷன் சிரித்தார். "கோயிலிலை பொங்கல் குடுக்கிறவரைப் பார்த்திருக்கிறீரோ? இரண்டாம் தரம் கை நீட்டினால் முகத்தைப் பார்ப்பார். அப்பிடித்தான். அட்டையிலை இருக்கிற எண்ணைத் தட்டின உடனை, உம்மடை கொம்பியூட்டர் நெட்டுக்குள்ளாலை போய்க் கொம்பனியின்ரை பெரிய கொம்பியூட்டரைக் கேக்கும், இந்தத் திறப்பு எனக்குப் பொருந்துமோ எண்டு. அங்கை எண்ணி வைச்சிருப்பாங்கள்."

'ஆக, எண்ணிக்கை பெட்டிக்குள் இல்லை. எங்கோ தூரத்தில் இருக்கிறது' என்று அன்று எழுதினாள். அதன் கீழே கோடு போட்டு, 'அப்படியானால் என்னால் அதைப் பார்க்க முடியாது' என்றும் எழுதினாள்.

மூன்று வீடுகளில் அவசரம் ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. சித்தப்பாவின் அக்காமாரில் ஒருவரான ஞானாம்பிகை மாமியின் மகள் கோபிகாவுக்கு முப்பத்தொரு வயது. சுன்னாகத்தில் ஒரு புடைவைக்கடையில் ஒன்பது வருடம் நின்றவள். நின்றவள் என்றால் உண்மையிலேயே நின்றவள். அந்தக் கடையில் வேலையாட்களுக்குக் கதிரை கிடையாது. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்திக் காட்டுவாள், குழி அப்படியே நிற்கும். இப்போது கொழும்பில் ஒரு நிறுவனம், ஒலிப்பதிவைக் கேட்டுத் தமிழில் தட்டெழுதும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். கதிரையில் இருந்தே செய்யலாம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடக்கம். அந்த நேரம் நிறுவனத்தின் மென்பொருள் முதலில் கணினியைச் சோதிக்கும். உரிமம் இல்லாத இயங்குதளம் என்றால் அந்த நிமிடமே பூட்டிவிடும். சந்தியில் கள்ளப் பிரதி ஒன்றைப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. கோபிகா கடைக்கு விலகல் கடிதம் கொடுத்தாயிற்று. அவளுடைய இடத்தில் கடை வேறொரு பெண்ணை நிறுத்தியும் ஆயிற்று.

இவ்வளவும் தெரிந்த தனுசியா ஒத்திகை பார்க்காமல் விடுவாளா?

வியாழக்கிழமை வகுப்பில், மூலையில் ஒருவரும் தொடாத ஏழாம் இலக்கக் கணினியில், சித்தப்பாவின் பென்டிரைவைச் செருகி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். நாற்பத்தொரு படிகள். ஒவ்வொரு படிக்கும் கொப்பியில் ஒரு வரி, முடிந்ததும் ஒரு சரி. முப்பத்தெட்டாம் படி: 'அட்டையிலுள்ள எண்ணைத் தட்டி அடுத்ததை அழுத்து.' தட்டினாள், அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. வகுப்பு 'ஓ' என்று கத்தியது. திரும்ப வந்தபோது மணி ஆறாகிவிட்டதால் சேர் எல்லாரையும் அனுப்பிவிட்டார். முப்பத்தெட்டுக்கும் ஒரு சரியைப் போட்டுக்கொண்டு அவள் மாடிப்படி இறங்கினாள்.

வெள்ளி பின்னேரம் தன் வீட்டுக் கணினிக்குப் போட்டாள். 'உரிமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. நாற்பத்தோராம் படி அவளே சேர்த்துக்கொண்டது: 'வணக்கம்' என்று ஒரு சொல்லைத் தட்டி, கோப்பாகச் சேமித்து, அதன் பெயரையும் அளவையும் சேமித்த திகதியையும் கொப்பியில் எழுதிக்கொள்வது. கொடுத்ததைக் கணினி வைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அதுவும் சரி. அங்கிருந்து சித்தப்பாவின் மற்ற அக்கா பூரணம் மாமி வீட்டுக்குப் போனாள். அங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பூரணம் மாமி தேத்தண்ணி கொடுத்து, "இனி இதிலை நாடகம் பாக்கலாமோ?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றதும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஞானாம்பிகை மாமி வீடு. மாமி வாசலிலேயே மறித்தார்.

"பிள்ளை, நீ வந்து மெசினைப் பூட்டு, வயரைக் கொளுவு, என்னவும் செய். நான் வேண்டாம் எண்டேல்லை. ஆனால் தொடங்கிறது ஆவணி பிறந்தாப் பிறகு."

"அம்மா, திங்கட்கிழமை வேலை," என்றாள் கோபிகா உள்ளேயிருந்து. "ஆவணி பிறக்கட்டும் எண்டு அவங்கள் எனக்காகக் கொழும்பிலை பாத்துக்கொண்டிருப்பாங்களோ?"

"ஆடியிலை ஆராவது புதுசாத் தொடங்குவினமோ? உன்ரை அப்பா ஆடியிலை வாங்கின தண்ணிப் பம்புக்கு என்ன நடந்தது?"

"அதுக்குள்ளை ஓணான் போய்ச் செத்தது."

"ஏன் போனது? வேறை பம்பே இல்லையோ அதுக்கு இந்த ஊரிலை?"

தாயும் மகளும் மாறி மாறிக் கதைக்க, தனுசியா மேசைக்குக் கீழே புகுந்து வயர்களைக் கொளுவி, பத்து மணிக்குள் முப்பத்தேழாம் படிவரை முடித்துவிட்டாள். இணையப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்துகிறவர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவார் என்றதால் மிச்சம் நான்கு படிகளைப் பின்னேரத்துக்கு ஒத்திவைத்தாள்.

வகுப்பு முடிந்து ஆறேகாலுக்கு வந்தபோது வீட்டின் முகமே மாறியிருந்தது. கணினித் திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். மேலே ஒரு செவ்வரத்தம்பூ. கற்பூர மணம் இன்னும் போகவில்லை. ஞானாம்பிகை மாமி புன்னகையோடு வடைத் தட்டை நீட்டினார். தனுசியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வடை சூடாக இருந்தது, கேட்கவில்லை. 'மாமி எப்படிச் சம்மதித்தார்?' என்று கொப்பியின் ஓரத்தில் மட்டும் எழுதிக்கொண்டாள்.

முப்பத்தெட்டாம் படி. எண்ணைத் தட்டி அடுத்ததை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

'இந்த உரிமத்தை உறுதிசெய்ய முடியவில்லை.' கீழே ஒரு நீண்ட இலக்கம். வேறு விளக்கம் இல்லை.

எண்ணை ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துச் சரிபார்த்து மறுபடி தட்டினாள். முடியவில்லை. நெட் இருக்கிறதா? கோபிகாவின் போனில் அதே நெட்டில் படம் ஓடியது. மூன்றாம் தரம். நான்காம் தரம். திரையின் மூலையில் நேரம் 6.52 என்றது. 6.52 என்று கொப்பியில் குறித்தாள். கை தன் பாட்டில் எழுதியது. மனம் வேறெங்கோ நின்றது. வகுப்பறையின் மூலையில், ஏழாம் இலக்கக் கணினிக்கு முன்னால்.

"என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்குது?" என்றாள் கோபிகா.

"ஒண்டுமில்லை மச்சாள். நெட் மந்தம் போலை. காலமை வந்து பாக்கிறன்."

பொய் சொன்ன வாயோடு எழும்பிப் போக அவளால் முடியவில்லை. பட்டியலை முடிக்க வேண்டும் என்று, நாற்பத்தோராம் படியையும் செய்தாள். 'வணக்கம்' என்று தட்டிச் சேமித்தாள். ஆனால் பெயர், அளவு, திகதி எதையும் குறிக்காமல் கொப்பியை மூடிவிட்டாள். அப்படி அவள் ஒரு நாளும் செய்ததில்லை.

வீட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். நாற்பத்தொரு வரி. எந்தப் பொத்தான், எந்த நிறத் திரை, எத்தனை நிமிடம் எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை: ஏழாம் இலக்கத்துக்கு இணைய வயர் குத்தியிருந்ததா, இல்லையா? குத்தியிருந்தால், மின்சாரம் போவதற்கு முன் அந்தக் கணினி தூரத்திலுள்ள பெரிய கணினியைக் கேட்டிருக்கும். அது ஒன்று என்று எண்ணியிருக்கும். தன் வீடு இரண்டு. பூரணம் மாமி மூன்று. கோபிகா நான்காவது. ஒருவருக்கும் உதவாத ஒரு வகுப்பறை மூலைக் கணினி கோபிகாவின் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சேருக்கு அழைத்தாள். போன் நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்த நாள் ஆடி அமாவாசை, சேர் தகப்பனுக்குக் கடமை செய்யக் கீரிமலைக்குப் போகிறார் என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்பாவும் அங்கேதான் போகிறார்.

"அப்பா, நானும் நாளைக்கு வரட்டோ?"

சண்முகநாதன் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "அதிசயமாக் கிடக்குது. உனக்கென்ன அங்கை?"

"ஒரு வயரைப் பற்றிக் கேக்கவேணும்."

அப்பா மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளும் என்று அவருக்குத் தெரியும்.

விடியப்புறம் அப்பா மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்க, தனுசியா ஒழுங்கையைக் கடந்து கோபிகா வீட்டுக்குப் போனாள். உண்மை தெரிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அது உண்மை தனக்குச் சாதகமாக வரட்டும் என்று காத்திருப்பது போல அவளுக்குப் பட்டது. கோபிகா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், நெட் மந்தமில்லை. நேற்றுப் பொய் சொன்னனான்."

கோபிகா நிமிர்ந்தாள்.

"உங்கடை பங்கை நான் வகுப்பிலை பழகிப் பாக்கேக்கை முடிச்சிட்டன் போலை. பிழை விடக்கூடாது எண்டுதான் பழகினனான். மூண்டுதான் விடும். நான் நாலாக்கிப்போட்டன்."

கோபிகாவின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடையிலை கடிதம் குடுத்தாச்சு, தனு."

"தெரியும். எங்கடை வீட்டுக் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கடை மேசையிலை வைக்கிறன். அதுக்கு ஏற்கெனவே ஓம் எண்டு வந்திட்டுது."

"ஏலாது. இந்த மெசினின்ரை நம்பரைத்தான் அவங்களுக்கு அனுப்பினனான். மாத்தினால் திரும்ப விண்ணப்பம், திரும்ப ஒரு மாதம். ஒரு மாதத்துக்கு என்னைப் பாத்துக்கொண்டிருப்பாங்களோ?" துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "ஒன்பது வருசம் நிண்டிட்டன். இன்னும் நிக்கிறதெண்டாலும் நிக்கிறதுக்கு இடமில்லை இப்ப."

திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கோபிகா திட்டவில்லை. "நீ இதை வந்து சொன்னியே," என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அது பாராட்டா, ஏச்சா என்று தனுசியாவுக்குக் கீரிமலைவரை விளங்கவில்லை.

கீரிமலையில் ஊரே நின்றது. கேணிக்குள் தலைகள், கரையெல்லாம் ஈர வேட்டிகள், வாழையிலையும் எள்ளும் தர்ப்பையும், ஐயர்மாரின் குரலுக்கு மேலே கடலின் இரைச்சல். அப்பா வரிசையில் போய் நின்றுகொண்டார். தனுசியா செருப்பைக் கையில் பிடித்தபடி, ஆண்கள் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அரை மணித்தியாலத்தின் பின் கடலிலிருந்து ஏறிவந்த ஒருவரை அடையாளம் கண்டாள். சட்டை இல்லாமல், விரலில் தர்ப்பை மோதிரத்தோடு, சேர் வகுப்பில் இருப்பதைவிடச் சின்னவராகத் தெரிந்தார்.

"சேர்!"

"தனுசியா? நீர் எங்கை இங்கை?"

"சேர், ஏழாம் நம்பருக்கு வயர் குத்தியிருந்ததோ?"

"என்ன?"

"வியாழக்கிழமை. நெட் வயர். ஏழாம் நம்பர்."

சேர் தன் ஈர வேட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பொறும் பிள்ளை. எங்கடை அப்பாவுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கடமை கிடக்குது. முடிச்சிட்டு வாறன்."

காத்து நின்றாள். தலை துவட்டிச் சட்டை போட்டுக்கொண்டு வந்த சேர், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஏழுக்கு வயர் குத்தினாலும் ஒண்டுதான், குத்தாட்டிலும் ஒண்டுதான். வைகாசியிலை இடி விழுந்ததெல்லோ, அண்டைக்கே அதின்ரை நெட் பகுதி எரிஞ்சு போச்சு. அதுதானே ஒருத்தரும் அதிலை இருக்கிறேல்லை. அது ஒருத்தரோடையும் கதைக்காது."

"அப்ப என்ரை கணக்கிலை அது சேராது?"

"சேராது. நீர் செலவழிச்சது இரண்டுதான்."

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. அது முழுக்க இறங்கி முடிவதற்குள் அடுத்தது ஏறியது. "அப்ப ஏன் சேர் கோபி மச்சாளின்ரையை மாட்டன் எண்டுது?"

"உது எனக்குத் தெரியாது. மெசினைப் பாக்கவேணும். இண்டைக்கு நான் விரதம், வீட்டை சனம். உம்மட்டைத்தான் கொப்பி இருக்கே."

திரும்பி வரும்போது மோட்டார்சைக்கிளின் பின்னிருக்கையில் அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. குற்றம் போய்விட்டது, கேள்வி அப்படியே இருந்தது. உண்மையைச் சொன்னால், குற்றம் இருந்தபோது கேள்வியை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. மூன்று கணினிகள். ஒரே மாதிரி. ஒரே பென்டிரைவ், ஒரே எண். இரண்டு ஓம் என்கின்றன, ஒன்று மாட்டேன் என்கிறது. எங்கோ ஒரு இடத்தில் மூன்றாவது மற்ற இரண்டையும் போல இல்லை. எந்த இடத்தில்?

கொப்பியோடு நேரே கோபிகா வீட்டுக்குப் போனாள். குசினியில் அமாவாசைச் சமையல். ஞானாம்பிகை மாமி வாழைக்காய்க் கறியில் நின்றார். கோபிகா கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"என்ரை பிழை இல்லையாம், மச்சாள். ஆனால் என்ன பிழை எண்டு தெரியேல்லை. இருங்கோ."

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக இந்தக் கணினியோடு ஒப்பிட்டாள். மொழி, சரி. நாடு, சரி. எண், சரி. நெட், சரி. முப்பது வரியைத் தாண்டியும் வித்தியாசம் ஒன்றுமில்லை. கடைசியில் நாற்பத்தொன்று. 'வணக்கம்' கோப்பைத் தேடி அதன் விபரத்தைத் திறந்தாள். பெயர், சரி. அளவு, சரி. சேமித்த திகதி:

ஓகஸ்ட் 22.

வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். எழுதப் போனவள் நின்றாள். தன் போனைப் பார்த்தாள். ஓகஸ்ட் 4. திரையின் மூலையைப் பார்த்தாள். நேரம் நிமிடம் தப்பாமல் சரி. அதன் கீழே, நேற்றிலிருந்து எத்தனையோ தரம் கண் பட்டும் அவள் பார்க்காத சின்ன எழுத்தில், ஓகஸ்ட் 23.

"மச்சாள், இண்டைக்கு என்ன நாள்?"

"ஆடி அமாவாசை."

"அப்ப இது நேற்று என்ன நாளிலை இருந்தது?"

குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஆவணி ஆறு, வியாழக்கிழமை. நல்ல நாள். நான்தான் பஞ்சாங்கம் பாத்துச் சொன்னனான்."

தனுசியா கோபிகாவைப் பார்த்தாள். கோபிகா நிலத்தைப் பார்த்தாள்.

"அம்மா சந்தனம் வைக்கமாட்டன், விளக்குக் காட்டமாட்டன் எண்டு ஒரே பிடியா நிண்டா," என்றாள் மெதுவாக. "விளக்குக் காட்டாமல் நான் அதிலை கைவைச்சால் மூண்டு மாதத்துக்கு ஓணான் கதைதான் கேக்கவேணும். அதுதான், நெட்காரன் போனாப் பிறகு, திகதி தானாத் திருந்திற பட்டனை நிப்பாட்டிப்போட்டுத் திகதியை மட்டும் மாத்தினனான். நேரத்தைத் தொடேல்லை. இதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு, தனு?"

"பெரிய தொடர்பு, மச்சாள்." தனுசியாவின் குரலில் கோபம் இல்லை, அவளுக்கே தெரியாமல் ஒரு உற்சாகம் ஏறியிருந்தது. "இது போய் அங்கை கேக்கேக்கை இண்டைய திகதியையும் சேர்த்துத்தான் சொல்லுது போலை. அங்கை ஆடி. இது ஆவணியிலை நிண்டுகொண்டு கதவைத் தட்டுது. இன்னும் வராத நாளிலையிருந்து வந்து திறப்புக் கேட்டால் ஆர் குடுப்பினம்?"

"ஐயோ," என்றாள் கோபிகா. "காலமை நீ கிணத்தடியிலை வந்து நிண்டு சொல்லேக்கையும் எனக்கு உது ஒரு சொட்டும் நினைவிலை வரேல்லையடி. நான் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போனன்."

"திகதியைச் சரியாக்கினால் வேலை செய்யும் எண்டு நினைக்கிறன். நிச்சயமாத் தெரியாது. அப்பிடித்தான் நினைக்கிறன்."

அகப்பையோடு ஞானாம்பிகை மாமி வாசலில் நின்றார்.

"சரியாக்கிறதோ? ஆவணியிலை வைச்சதை ஆடிக்குக் கொண்டுவாறதோ? அதுவும் அமாவாசையிலை?"

அடுப்பில் கறி கொதித்தது. கோபிகா, தான் கேட்டால் சண்டையாகிவிடும் என்று தெரிந்தவளாக, தனுசியாவைப் பார்த்தாள். தனுசியாவுக்கு வாதாடத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள்.

"மாமி, நாளைக்கு எட்டு மணிக்கு இது ஓம் எண்டு சொல்லாட்டில் மச்சாளுக்கு வேலை இல்லை. ஆவணி மட்டும் இப்பிடியே விட்டால், ஆவணி வரும். வேலை வராது."

மாமி திரையைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மகளின் காலைப் பார்த்தார். பிறகு, பஞ்சாங்கத்தில் ஏதோ தேடுகிறவர் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, நேற்று நான் விளக்குக் காட்டேக்கை உதிலை என்ன நாள் நிண்டது?"

"ஆவணி ஆறு, மாமி."

"அது அழியாதே?"

தனுசியா யோசித்தாள். கோப்பு அப்படியேதான் இருந்தது. "அழியாது. இரவு நான் வைச்ச எழுத்திலை அந்த நாள்தான் கிடக்குது."

"அப்ப தொடங்கினது ஆவணியிலை. தொடங்கினது தொடங்கினதுதான். இனி உதை ஆடிக்குக் கொண்டுபோவியோ, மார்கழிக்குக் கொண்டுபோவியோ, எனக்கென்ன?" அகப்பையை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுக் கறிக்குத் திரும்பினார். "கறி அடிப்பிடிக்குது, தள்ளு."

கோபிகா தானாகத் திருந்தும் பொத்தானை மறுபடி போட்டாள். ஓகஸ்ட் 23 அசையவில்லை. தனுசியா நான்கைக் கையால் தட்டி வைத்தாள். கணினி ஆவணியிலிருந்து ஆடிக்கு வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டாம் படி. அட்டையை நிமிர்த்தி வைத்து, எண்ணை ஒவ்வொன்றாக உரத்து வாசித்து, கோபிகாவையே தட்டச் சொன்னாள். அடுத்தது. வட்டம் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. தனுசியா தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

'உரிமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

கோபிகா கதிரையை இழுத்து, மெதுவாக, முழுப் பாரத்தையும் கொடுத்து உட்கார்ந்தாள்.

ஒழுங்குக்காக, பிழையான திகதியுள்ள கோப்பை அழித்துவிட்டு நாற்பத்தோராம் படியைத் திரும்பச் செய்யலாம் என்று தனுசியா கையை நீட்டினாள். குசினிக்குள்ளிருந்து, எப்படித்தான் தெரிந்ததோ, குரல் வந்தது.

"பிள்ளை, அந்த ஆவணி எழுத்தைத் தொடாதை. அதெல்லோ சாட்சி."

தொடவில்லை. மத்தியானம் அங்கேயே வாழையிலையில் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்து, 'மாமி எப்படிச் சம்மதித்தார்?' என்ற வரிக்குப் பக்கத்தில் பதிலை எழுதினாள். வியாழக்கிழமைப் பக்கத்தில், முப்பத்தெட்டாம் வரியில் போட்ட சரியை அடித்து, 'வயர் குத்தியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை' என்று எழுதினாள். இரண்டாவது கொப்பியில் இன்னொன்று: 'இன்னும் வராத நாளில் சேமித்த கோப்பை, அந்த நாள் வரும்போது கணினி என்ன நினைக்கும்?' நினைக்கும் என்ற சொல் சரியா என்று தெரியவில்லை. ஒரு கேள்விக்குறியைப் போட்டு விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, மருந்துக்கடைக்குப் போகும் வழியில், ஏழு ஐம்பத்தைந்துக்கு அவள் கோபிகா வீட்டு வாசலில் நின்றாள். கணினி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மேசைக்குக் கீழே போட்டு, அதன் மேல் இரண்டு கால்களையும் நீட்டி வைத்துக்கொண்டு கோபிகா இருந்தாள். எட்டுக்கு நிறுவனத்தின் சோதனை தொடங்கி, ஒரு பச்சைக் கோடு திரையில் இடமிருந்து வலமாக ஊர்ந்து போய் முடிந்தது. கணினியைப் பூட்டவில்லை. கோபிகா காதில் காதொலிப்பானை மாட்டினாள்.

பின்னால் மாமி வந்து நின்றார். சுவரிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை ஏழரை தொடக்கம் ஒன்பது ராகுகாலம். ஒன்பதுக்குப் பிறகு தொடங்கப்படாதோ?"

கோபிகா ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

"அம்மா, நான் ஆவணியிலையே தொடங்கிட்டன்."

மாமி தேத்தண்ணி போடப் போனார். தட்டெழுத்துச் சத்தம் தொடங்கியது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு கொஞ்சம் வேகமாக. தனுசியா வாசலில் நின்றபடியே எட்டி, திரையின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தாள். படலையடிக்குப் போனவள், ஏதோ யோசித்துத் திரும்பி வந்து, இன்னொரு தரமும் பார்த்துவிட்டுப் போனாள்.